தலைக்கு மேலே கம்பி, கீழே காத்திருக்கும் மோட்டார்

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் கிளம்பும் ஒரு மின்பாதை தமிழ்நாட்டின் புகளூரில் வந்து முடிகிறது. நீளம் சுமார் 1,765 கிலோமீட்டர். 800 கிலோவோல்ட் நேர்த்திசை மின்சாரம். 6,000 மெகாவாட் வரை தாங்கும். நிலக்கரிப் பகுதியிலிருந்து தெற்கே மின்சாரம் கொண்டுவருவது அதன் வேலை. தெற்கே காற்று மிகும் பருவத்தில் எதிர்த்திசையில் வடக்கே அனுப்பவும் அதுவே வழி. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் கிழங்குக் காடுகளுக்கும் மஞ்சள் வயல்களுக்கும் மேலே அது போகிறது.

அந்தக் கம்பிக்குக் கீழே ஒரு மோட்டார் கொட்டாய். பின்னிரவில்தான் மும்முனை மின்சாரம் வரும் என்பதால், டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடந்து வருகிறார் ஒரு விவசாயி. ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். மோட்டார் உறுமுகிறது, கால் மணி நேரத்தில் ஒரு ஃபேஸ் போய்விடுகிறது. வாய்க்கால் தலைமாட்டிலேயே தண்ணீர் நின்றுவிடுகிறது. தலைக்கு மேலே ஓடுவது ஆயிரக்கணக்கான மெகாவாட். அவருக்கு வேண்டியதோ ஏழரை எச்.பி.

விவசாயிகள், விசைத்தறியாளர்கள், கோழிப்பண்ணையாளர்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும் இந்த வட்டாரக் கூட்டமைப்பு, காற்றாலை, சூரிய மின்சாரம் குறித்த தேசியக் கொள்கையை இந்த இடைவெளியிலிருந்துதான் பார்க்கிறது. சூரிய மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இங்கே முடிந்துபோன ஒன்று. 2012-ல் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் தறி நின்ற ஊர்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேள்வி வேறு: இந்தச் சமவெளி மின்சாரம் கடந்துபோகும் வழியாக மட்டுமே இருக்குமா, இல்லை உற்பத்தியில் அதற்கும் ஒரு பங்கு உண்டா?

கொள்கை வந்த கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் ஒரு மெகாவாட் சொச்சத்தில் மாதிரிக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. தொண்ணூறுகளில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு எதிரே முப்பந்தலில் காற்றாலைகள் காடாக எழுந்தன. அவற்றை எழுப்பியதில் காற்றுக்கு இருந்த பங்கு வருமான வரிச் சட்டத்துக்கும் உண்டு. போட்ட முதலின் பெரும்பகுதியை முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றதும் நூற்பாலைகள் வரிசைகட்டி வந்தன. பிறகு அந்தச் சலுகை போவதும் வருவதுமாக ஆனது. 2012-ல் அது குறைக்கப்பட்டதும் நாட்டின் காற்றாலை வளர்ச்சி ஆண்டுக்குச் சுமார் 3,200 மெகாவாட்டிலிருந்து 1,700-க்கு விழுந்தது. 2014-ல் திரும்ப வந்தது, 2017-ல் மீண்டும் குறைந்து பாதியானது. அதே ஆண்டு நிலையான கொள்முதல் விலைக்குப் பதில் ஏலமுறை வந்து, யூனிட் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. விலை இறங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் முந்தைய ஆண்டு 5,500 மெகாவாட் நிறுவிய நாடு, அடுத்த ஆண்டு 1,800-கூட எட்டவில்லை. ஏலத்தில் உட்காரும் அளவுக்குப் பெரிய கைகள் மட்டுமே களத்தில் எஞ்சின.

சூரிய மின்சாரமும் இதே பாதையில்தான் நடந்தது. 2010-ல் தேசிய சூரிய இயக்கம் வைத்த இலக்கு 20,000 மெகாவாட். 2015-ல் அது 1,00,000 ஆனது. 2016-ல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் ஒரே வளாகத்தில் எழுந்தது. 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் சாராத 5,00,000 மெகாவாட் என்று 2021-ல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. எல்லாம் பெரிய எண்கள். நாமக்கல்லில் எட்டு ஏக்கர் வைத்திருப்பவர் அந்த எண்ணில் எங்கே இருக்கிறார் என்று தேடினால், ஒரே ஒரு இடத்தில்தான் தட்டுப்படுகிறார்.

அந்த இடம் 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டம். அதற்கு மூன்று பிரிவுகள். துணை மின்நிலையத்துக்கு அருகே விவசாயி தன் நிலத்திலேயே இரண்டு மெகாவாட் வரை நிலையம் வைக்கலாம் என்பது ஒன்று. மின் இணைப்பு இல்லாத கிணற்றுக்குத் தனி சூரிய பம்பு என்பது இரண்டாவது. ஏற்கெனவே மின் இணைப்புள்ள பம்புகளை, அல்லது அவற்றுக்கு மின்சாரம் தரும் ஃபீடரையே, சூரிய மின்சாரத்துக்கு மாற்றுவது மூன்றாவது. இங்கே ஊர்ப் பேச்சில் அடிபடுவது இரண்டாவது பிரிவான மானிய பம்பு மட்டுமே. முதலும் மூன்றும்தான் இந்த மண்ணுக்குப் பொருந்துபவை என்பது கூட்டமைப்பின் உறுதியான கருத்து. ஏனென்றால் இங்கே கிணறு இருக்கிறது, கம்பி இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது. இல்லாதது பகல் மின்சாரம்.

கணக்கு எளிது. ஒரு மெகாவாட் நிலையத்துக்கு நாலைந்து ஏக்கர் போதும். ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட் தரும். இரண்டு மெகாவாட் என்றால் 30 லட்சம். ஏழரை எச்.பி. மோட்டார் ஆண்டில் ஆயிரம் மணி நேரம் ஓடினால் 5,600 யூனிட் இழுக்கும். ஆக, மேய்ச்சலுக்குக்கூட உதவாத பத்து ஏக்கர் சுண்ணாம்புக்கல் தரிசு ஐந்நூறு மோட்டார்களின் தேவையைக் கிட்டத்தட்ட ஈடுகட்டும். மின்சாரம் பிறக்கும் இடமும் செலவாகும் இடமும் ஒரே ஃபீடரில் இருப்பதால் வழியில் வீணாவதும் குறைவு. மகாராஷ்டிரம் 2017-லேயே ராலேகன் சித்தியில் இந்த வழியைத் தொடங்கி, பகலில் பாசன மின்சாரம் என்பதை மாநிலத் திட்டமாகவே ஆக்கிக்கொண்டது. தமிழ்நாடு அதைப் பார்த்துக் காப்பியடிப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இங்கே ஒன்றை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் இலவச மின்சாரம் வந்தால் கிணறு என்னவாகும்? இந்த இரு மாவட்டங்களிலும் பல குறுவட்டங்களை நிலத்தடி நீர் மிகையாக உறிஞ்சப்பட்டவை என்று அரசே வகைப்படுத்தியிருக்கிறது. உலகத்துக்கே ஆழ்துளை போட ரிக் வண்டி அனுப்பும் திருச்செங்கோடு இங்கேதான் இருக்கிறது. ஆயிரம் அடிக்குப் போனாலும் புகை மட்டும் வரும் போர்களும் இங்கேதான் இருக்கின்றன. குஜராத்தின் கேடா மாவட்டத்து துண்டி கிராமம் 2016-ல் ஒரு விடை காட்டியது. சூரிய பம்பு வைத்த விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, இறைக்காமல் மிச்சம் பிடித்த மின்சாரத்தை மின்பகிர்மான நிறுவனத்துக்கு விற்றார்கள். தண்ணீரை மண்ணுக்குள் விட்டுவைத்தாலும் காசு வரும் என்றானது. கூட்டமைப்பு ஏற்பது இந்த ஏற்பாட்டை. 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த இலவச மின்சாரத்தில் கை வைப்பதற்கு இது முன்னோட்டமாக இருந்தால், அதை முதலில் எதிர்ப்பதும் கூட்டமைப்பாகவே இருக்கும். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டுவண்டிகளைக் கோவைத் தெருக்களில் நிறுத்திய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். மீட்டர் என்ற சொல் கேட்டாலே இங்கே புருவம் உயரும். அந்தச் சந்தேகத்தை எழுத்துபூர்வமான உத்தரவாதம் ஒன்றுதான் போக்கும்.

தறிக்காரர் கதை வேறு மாதிரி. பள்ளிப்பாளையத்திலும் இளம்பிள்ளையிலும் வீட்டை ஒட்டியே தறிக் கொட்டகை இருக்கும். 2024-ல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் வீட்டுக் கூரைக்கு மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதே சுவருக்கு அந்தப் பக்கம் உள்ள கொட்டகைக்கு ஒரு பைசா கிடையாது. போதாக்குறைக்கு, 2021-ல் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பிறப்பித்த ஆணையின்படி, சொந்தக் கூரையில் விளையும் மின்சாரத்துக்கும் நெட்வொர்க் கட்டணம் வந்தது. சிறுதொழில்களுக்கு அது பின்னர் பாதியாகக் குறைக்கப்பட்டது. மீதிப் பாதியும் போக வேண்டும். பேனல் மாட்டினால் இரண்டு மாதத்துக்கு ஆயிரம் யூனிட் என்ற விசைத்தறிச் சலுகை என்னாகும் என்ற பயத்துக்கும் தெளிவான பதில் தேவை. இன்னொரு சங்கதி, கோப்புகளில் ஏறாதது: கொட்டகைக் கூரைகளில் பாதி சிமெண்ட் ஷீட். அதன்மேல் ஆள் ஏறினாலே விரியும். கூரை மாற்றக் கடன் தராமல் பேனலுக்கு மட்டும் கடன் தருவது, மாடு இல்லாதவனுக்குக் கயிறு கொடுத்த கதை.

கோழிப்பண்ணைகளின் நிலைமை இதைவிடத் தேவலாம். புதிதாக எழும் குளிரூட்டிய கொட்டகைகளில் நீளமான தகரக் கூரை இருக்கிறது; வெயில் ஏறும் நேரத்தில்தான் காற்றாடிகளும் முழு வேகத்தில் சுற்ற வேண்டும். தேவையும் விளைச்சலும் ஒரே நேரத்தில் வருவது எல்லாத் தொழிலுக்கும் வாய்க்காது.

காற்றுக்கு வருவோம். சேலம், நாமக்கல் சமவெளி காற்றாலைக்கு ஏற்ற மண் அல்ல. ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பல்லடம், உடுமலைப் பக்கம் வீசும் வேகத்தில் இங்கே வீசுவதில்லை. அதனால் காற்று மின்சாரத்தில் இந்த ஊர்களுக்கு வேலையே இல்லை என்று ஆகிவிடாது. மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, தன் எல்லைக்குள் காற்று போதாது என்று தெரிந்து, 2006-ல் உடுமலை வட்டாரத்து மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கி நிறுத்தியது. விலை 1 கோடியே 55 லட்சம். பெரும்பகுதி வங்கிக் கடன். அதில் விளையும் மின்சாரத்தில் ஊராட்சியின் தேவை போக மிச்சத்தை விற்றார்கள். ஓர் ஊராட்சியால் முடிந்தது பல ஊராட்சிகள் சேர்ந்தால் முடியாதா?

அதற்கு இப்போது ஒரு வாசல் திறந்திருக்கிறது. தொண்ணூறுகளில் நட்ட 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் நல்ல காற்றுள்ள இடங்களை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டுப் பெரிய இயந்திரங்கள் வைக்கத் தமிழ்நாடு அரசு 2024-ல் கொள்கை வெளியிட்டது. டென்மார்க் 2008-ல் இயற்றிய சட்டம், புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தைச் சுற்றுவட்டார மக்களுக்கு விற்க முன்வர வேண்டும் என்றது. புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு காற்றாலையிலும் அதே 20 சதவீதத்தை ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், தறியாளர் சங்கங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது கூட்டமைப்பின் கோரிக்கை. உள்ளூர்க்காரருக்கு முதல் உரிமை. மிச்சம் இருந்தால் காற்றில்லாத மாவட்டங்களுக்கு.

இனி மின்பாதைக் கோபுரங்கள். 2018-ல் புகளூர்ப் பாதையை எதிர்த்து மேற்கு மாவட்ட விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தபோது, சாலையோரமாகப் புதைவடம் போடச் சொன்னார்கள். முடியாது என்றது அரசு. ஆனால் அதே புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் பாதை, கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியைத் தாண்டியதும் மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. அது 320 கிலோவோல்ட், இது 800. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது உண்மைதான். இழப்பீட்டையாவது ஒரே தராசில் வைத்திருக்கலாம். 2015-ல் கோபுர அடி நிலத்துக்கு மதிப்பில் 85 சதவீதமும் கம்பிக்குக் கீழ்ப்பட்ட நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் என்று இருந்தது. 2024 ஜூனில் மத்திய அரசு அதை 200, 30 என உயர்த்தியது. முன்பே நிலம் கொடுத்தவர்கள் பழைய விலையோடு நிற்கிறார்கள். கம்பி இருக்கும்வரை ஆண்டு வாடகை என்பதே நியாயம். தென்னை வைக்க முடியாத, கிணறு வெட்ட முடியாத, வாங்க ஆள் வராத நிலத்துக்கு ஒரே தவணையில் கணக்கு முடித்துவிட முடியாது.

மேட்டூர் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். அணையும் அனல் மின்நிலையமும் அடுத்தடுத்து நிற்கும் ஊர் அது. பழைய 840 மெகாவாட்டும் புதிய 600-ம் ரயிலில் வரும் நிலக்கரியை நம்பி ஓடுகின்றன. நாளைக்கே மூடு என்று கூட்டமைப்பு சொல்லவில்லை. பழைய நான்கு அலகுகளுக்கு ஓய்வு தேதி குறிக்க வேண்டும், ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு மாற்றுவேலை எழுத்தில் வேண்டும், ஏற்கெனவே உள்ள மின் இணைப்பைப் பயன்படுத்தி அங்கேயே பேட்டரி சேமிப்பு அமைக்க வேண்டும். மாலையில் வெயில் இறங்கும்போது அணை நீரைத் திறந்து சமாளிக்கலாமே என்பார்கள். அது டெல்டாவின் தண்ணீர். எப்போது எவ்வளவு திறப்பது என்பதைப் பயிர்தான் தீர்மானிக்கிறது.

அடுத்த கிராம சபைக்கு வருகிறவர்கள் தங்கள் மோட்டார் எந்த ஃபீடரில் இருக்கிறது, அதில் எத்தனை இணைப்புகள், துணை மின்நிலையத்துக்குப் பக்கத்தில் எத்தனை ஏக்கர் தரிசு என்ற மூன்று விவரங்களையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும் என்று கூட்டமைப்பு கேட்டுக்கொள்கிறது. தீர்மானத்தில் சேர்க்க வேண்டியவை அவைதான்.