சாயம் ஏறும் எலும்பு

திருத்தணி பக்கத்தில் இருக்கும் அம்மையார்குப்பம் நெசவுக்குப் பேர்போன ஊர். நூலில் சாயம் சரியாகப் பிடிக்காவிட்டால் முதல் சலவையிலேயே பல்லிளித்துவிடும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அந்தச் சாயத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. எலும்பைக் காட்டிக்கொடுப்பது!

சோழமண்டலக் கரையில் ஒரு காலத்தில் துணிக்குச் சிவப்பு ஏற்றியது சாயவேர். இம்பூறல் என்றும் சொல்வார்கள். அந்த வேரில் உள்ள சிவப்புப் பொருளின் பெயர் அலிசரின். வெறும் துணியில் அது நிற்காது; படிகாரம் போட்டால்தான் பிடிக்கும். எலும்பில் படிகாரத்தின் வேலையைக் கால்சியம் செய்துவிடுகிறது.

இது தெரியவந்ததும் ஒரு துணிக்காரர் வீட்டில்தான். லண்டன் மருத்துவர் ஜான் பெல்ச்சியர், துணி அச்சிடும் ஒருவர் வீட்டு விருந்தில் பன்றிக்கறி சாப்பிட்டபோது எலும்பு சிவந்திருப்பதைப் பார்த்தார். சாயப் பட்டறையில் பயன்படுத்திய தவிட்டைத்தான் அந்தப் பன்றி தின்றிருந்தது. 1736-ல் அதைப் பதிவு செய்தார். 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மேன் என்ற இருவர் அலிசரினைச் செயற்கையாகவே தயாரித்தார்கள்.

இன்று ஆய்வுக்கூடத்தில் நடப்பது இதுதான். இறந்த சின்ன மீன் அல்லது தவளையை ஃபார்மலினில் பதப்படுத்துவார்கள். குருத்தெலும்புக்கு அல்சியன் நீலம், எலும்புக்கு அலிசரின் சிவப்பு. ட்ரிப்சின் என்ற நொதியோ, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலோ தசையின் மங்கலைப் போக்கும். கடைசியில் கிளிசரின். பஜ்ஜி வைத்த காகிதம் எண்ணெய் ஊறி ஒளி விடுகிறதல்லவா? அதேபோல் கிளிசரின் ஊறிய தசை கண்ணாடி ஆகிவிடும். உள்ளே சிவப்பும் நீலமுமாக முழு எலும்புக்கூடு, ஒரு மூட்டுகூட கழலாமல் நிற்கும். அவசரப்பட்டால் காரியம் கெடும். நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

இதனால் என்ன லாபம்? மேற்குத் தொடர்ச்சி மலையின் நடனத் தவளைகளைப் பாருங்கள். அவற்றின் தலைப்பிரட்டைகள் ஓடை மணலுக்குள் புதைந்து வாழ்கின்றன என்று இந்திய, இலங்கை ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்டார்கள். தலைப்பிரட்டைகளில் அபூர்வமான விலா எலும்புகள் அவற்றுக்கு இருந்ததும் அதில் தெரியவந்தது. விரல் நீளம்கூட இல்லாத ஓர் உயிரை அறுத்துப் பார்த்தால் அந்த மெல்லிய எலும்புகள் இடம் மாறிவிடும். எலும்பை அதன் இடத்திலேயே காட்டும் வழிகள் இங்கேதான் கைகொடுக்கின்றன.

நம் வீட்டுக்கும் இதில் பங்கு உண்டு. கர்ப்பிணிகள் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையால் கை கால் வளராமல் உலகெங்கும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தார்கள். 1961-ல் ஜெர்மனியில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் கருவுக்கு ஆபத்தா என்று பார்க்கும் சோதனைகள் கடுமையாயின. மருந்து கொடுத்த எலியின் குட்டிகளுக்கு அலிசரின் ஏற்றி, விலா எலும்பு, விரல் எலும்பு என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்பது இன்றும் அந்தச் சோதனையில் ஒரு பகுதி.

ஃபார்மலினும் காரக் கரைசலும் கண்ணையும் தோலையும் பதம் பார்ப்பவை. ஆகவே பிள்ளைகள் வீட்டில் முயல வேண்டாம். கல்லூரி விலங்கியல் துறைக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கிளிசரின் புட்டிக்குள் ஒரு சிவப்பு மீன் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அம்மையார்குப்பத்துப் பிள்ளையாக இருந்தால், அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று ஆசிரியருக்கே சொல்லலாம்.