வாராதார் தந்த வெற்றி

2019ஆம் ஆண்டு விம்பிள்டன் இறுதிப் போட்டியிலே பெடரர் ஈட்டிய புள்ளிகள் 218. ஜோகோவிச் ஈட்டியவை 204. எனினும் மூன்று செட்டுகளை வென்ற ஜோகோவிச்சே வாகை சூடினார். இதனை நாம் அநீதியென்று கூறோம். செட்டே கணக்கு என்பதை அறிந்தே இருவரும் களம் புகுந்தனர்.

அமெரிக்க டெனிஸ் சங்கத்தின் லீக்கிலே பொழுதுபோக்காக ஆடுவோர் அணியணியாய்ப் பொருதுகின்றனர். அங்கே சிக்கல் வேறு. இரண்டு அணிகள் வெற்றியிற் சமமாக நின்றால், தனியாட்ட வெற்றிகள் முதல் இழந்த செட்டுகள், கேம்கள் வரை எண்ணியே அடுத்த கட்டத்துக்குரிய அணியைத் தெரிவர். எதிராளி வாராதொழிந்தாலோ ஆட்டம் 6-0, 6-0 எனப் பதியப்படும். வியர்வை சிந்தி 7-6, 7-6 என வென்றவர் பன்னிரண்டு கேம்களை இழந்தவராகிறார். வெறுங்களத்திற் காத்து நின்றவர் எதனையும் இழவாதவர்!

வாராதவரைத் தண்டிப்பது தகும். அவர் தவற்றினால், அவரோடு யாதொரு தொடர்புமற்ற மூன்றாம் அணி வெளியேறுதல் தகுமோ? சமநிலையைத் தீர்க்கும்போது ஆடாத ஆட்டங்களை விலக்கி, ஆடியவற்றின் விகிதத்தையே கொள்ளலாம் என்பது நம் கருத்து. மாணவர் வெறுக்கும் வகுத்தற்கணக்கு அதற்குப் போதும்.