அருவியாறு யாருடைய மணல் கிடங்கு?



அநுராதபுரத்தில் மல்வத்து ஓயா. எங்கள் பக்கம் வந்தால் அருவியாறு. 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. தேக்கம் அணைக்கட்டில் திரும்பும் அதன் தண்ணீர்தான் கட்டுக்கரைக் குளத்துக்கும் அகத்திமுறிப்புக் குளத்துக்கும் போகிறது. மன்னாரின் சோறு இந்த ஆற்றில்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஆற்றை நாங்கள் கியூப் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம். யார் என்று கேட்டால் "வெளியாட்கள்" என்கிறோம். பாதை காட்டுவது யார்? இரவில் டிப்பர் சத்தம் கேட்டும் திரும்பிப் படுப்பவர்கள் நாங்கள்தானே?

"1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட சனம், திரும்பி வந்து வீடு கட்ட மணல் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும்தான். எங்கள் வீடுகளும் அப்படித்தான் எழும்பின. ஆனால் முசலியில் வீடு கட்டியா இவ்வளவு மணலும் முடிந்தது? மாவட்டம் தாண்டிப் போகும் டிப்பரில் எந்த அகதியின் வீடு இருக்கிறது?

ஆற்றுப்படுக்கை தாழ்ந்தால் கிணற்றுத் தண்ணீரும் தாழும். முகத்துவாரத்தால் உப்பு ஏறும். கரை இடிந்தால் மாரி வெள்ளம் வயலுக்குள் வரும். அப்போது மட்டும், மேலே குளத்தைத் திறந்துவிட்டார்கள் என்று அநுராதபுரத்தைத் திட்டுவோம்.

ஓடும் ஆற்றில் வுழூ செய்தாலும் தண்ணீரை வீணாக்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். அந்தப் பிள்ளையின் வாப்பா ஆற்றையே ஏற்றி அனுப்புகிறார்.

பள்ளி நிர்வாகங்கள் வருகிற ஜும்ஆவில் இதைப் பேசட்டும். அரிப்புக் கத்தோலிக்கச் சகோதரர்களையும் கூப்பிட்டுக் கலந்து பேசட்டும், ஆறு அவர்களுக்கும்தான். பெர்மிட் இருக்கிறது என்பவர் அதை ஊருக்கு முன்னால் கொண்டுவந்து காட்டட்டும்.