பூனா ஒப்பந்தத்தைத் திட்டினால் மட்டும் போதுமா?

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 24 வந்தால் நம் பக்கங்கள் கறுப்பாகிவிடும். எரவாடா சிறை, காந்தியின் உண்ணாவிரதம், பறிக்கப்பட்ட இரட்டை வாக்குரிமை என்று எழுதுவோம், பகிர்வோம், அடுத்த நாள் வேறு வேலைக்குப் போய்விடுவோம். எழுதுவதில் பொய் ஒன்றுமில்லை. 1932இல் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது உண்மை. ஆனால் பறித்துக்கொண்டு அந்த இடத்தில் எதை வைத்தார்கள்? கேட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது பேர் "தனித்தொகுதி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவை நாம் படிப்பதில்லை. இந்தச் சண்டை அதற்காகத்தான்.

அந்தப் பிரிவு ஒரு முதல்கட்டத் தேர்தலைச் சொல்கிறது. ஒரு தனித்தொகுதியில் பொதுப் பட்டியலில் உள்ள தலித் வாக்காளர்கள் மட்டும் முதலில் கூடி ஓட்டுப் போட வேண்டும். ஆளுக்கு ஒரே ஓட்டு. அதிக ஓட்டு வாங்கிய நான்கு பேர் வேட்பாளர்கள் ஆவார்கள். அதன்பின் ஊர், சேரி எல்லோரும் சேர்ந்து அந்த நால்வரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் இறுதித் தேர்தல். மெக்டொனால்டு தீர்ப்பு மாகாண சபைகளில் தந்தது 71 இடம். பூனாவில் அது 148 ஆனது. இடம் இரட்டிப்பானதைச் சொல்லிச் சமாதானம் பேசுகிறவர்கள், அந்த இடத்தில் யார் உட்காருவார் என்பதை முடிவு செய்யும் கை மாறியதைச் சொல்வதில்லை.

அந்தக் கை எப்படி மாறியது என்பதற்குக் கணக்கு தெரிய வேண்டும். நாற்பது துண்டுச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். முப்பத்து நான்கு பேர் நம் கட்சி, ஆறு பேர் ஊர்க்காரர்கள் கைகாட்டும் ஆளுக்கு. "ஓட்டைப் பிரிக்காதே, நம்ம ஆளுக்கே குத்து" என்ற பழக்கத்தில் முப்பத்து நான்கையும் ஒருவருக்கே போடுகிறோம். முடிவு வருகிறது: நம் ஆள் முதலிடம், மேளம், மாலை. ஆறு ஓட்டு வாங்கியவர் இரண்டாமிடம். அவரும் நால்வரில் ஒருவர். இறுதித் தேர்தலில் ஊர் ஓட்டு மொத்தமும் அவருக்குப் போகும். சேரியில் ஆறு பேர் நம்பியவர் சேரியின் பிரதிநிதி ஆகிவிடுவார்.

அதே முப்பத்து நான்கை நான்கு பேருக்கு ஒன்பது, ஒன்பது, எட்டு, எட்டு என்று பிரித்துப் போட்டுப் பாருங்கள். ஆறு ஓட்டுக்காரர் ஐந்தாமிடம். வெளியே. நால்வரும் நம்மவர், ஊர் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் அவர் நம் கட்சிக்காரர்தான். அந்தத் தேர்தலில் முதலிடத்துக்கு எந்த மதிப்பும் இல்லை, நான்காமிடத்துக்குத்தான் மதிப்பு. உணர்ச்சியில் எல்லோரும் தலைவருக்கே போட்டால் கதவு திறந்து கிடக்கும். "இந்தத் தெரு இவருக்கு, அந்தத் தெரு அவருக்கு" என்று பிரித்துப் போட்டால்தான் மூடும்.

இதைச் சொன்னால் நம் தோழர்கள் சிலருக்குக் கோபம் வருகிறது. கணக்குப் பார்த்து ஓட்டுப் போடுவது கொள்கைத் துரோகமாம், மனசாட்சிப்படி போட்டுவிட்டுத் தோற்றாலும் பரவாயில்லையாம். நாங்கள் இதை ஏற்கவில்லை. தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்ல முடிகிறவர் யார்? அன்று சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துத்தான் வாக்குரிமை. சேரியில் ஓட்டு இருந்தவரே சொற்பம். அந்தச் சொற்ப ஓட்டை ஒரு நாள் பெருமைக்குச் செலவழிக்கும் உரிமை யாருக்கும் இல்லை.

அம்பேத்கர் கணக்குப் பார்த்தார். பட்டியலில் நான்கு பேர் கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆதிக்க சாதித் தரப்பு ஹாமண்ட் குழுவிடம் வாதாடியபோது, நான்கு என்பது உச்சவரம்புதான் என்று எதிர்வாதம் செய்தார். இறுதித் தேர்தலில் ஒருவர் தன் எல்லா ஓட்டுகளையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்துப் போடும் முறைக்கும் போராடினார். குழு இரண்டிலும் அவர் பக்கம் நின்றது. பம்பாயில் அந்தக் குவிப்பு முறையிலேயே 1937 தேர்தல் நடந்தது. சுதந்திரத் தொழிலாளர் கட்சிக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. பதினேழு இடத்தில் நின்று பதினான்கில் வென்றது. சென்னை மாகாணத்தில் என்ன நடந்தது? முப்பது தனித்தொகுதிகளில் இருபத்தாறு காங்கிரசுக்குப் போனது. ரெட்டமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் பிறந்த மண் இது. தலைவர்கள் இருந்தார்கள், தெருத்தெருவாக ஓட்டைப் பிரித்துச் சொல்லும் கட்சி இருக்கவில்லை.

1945-46இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு மாகாண சபைகளில் இரண்டே இடம் பெற்றது. நம் செல்வாக்கை இறுதித் தேர்தலில் அளக்காதே, முதல்கட்டத் தேர்தலில் அள என்று அம்பேத்கர் வாதாடினார். நியாயமான வாதம். ஆனால் பெரும்பாலான தனித்தொகுதிகளில் முதல்கட்டத் தேர்தலே நடக்கவில்லை. நான்கு பேருக்கு மேல் நிற்காவிட்டால் அது தேவையில்லை என்பது விதி. காட்டுவதற்குச் சான்றே இல்லாமல் போனது. இரண்டு முறை தேர்தல் செலவு செய்ய ஏழைக் கட்சிக்கு எங்கே காசு என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் தேர்தல் அறிவித்த பிறகு கட்சி கட்ட முடியாது என்கிறோம்.

இனி வருவது உறுத்தும். மறுபடி சீட்டை எடுங்கள். எதிராளிக்கு ஆறுக்குப் பதில் ஒன்பது கொடுங்கள். நம்மிடம் முப்பத்தொன்று. எப்படிப் பிரித்தாலும் அவரை வெளியே தள்ள முடியாது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஒருவர் பெற்றுவிட்டால் எந்தத் தந்திரமும் செல்லாது. அந்த ஐந்தில் ஒரு பங்கை அவர்கள் எங்கே தேடினார்கள்? நாம் விட்டுவைத்த இடத்தில். பம்பாயில் 1937இல் அம்பேத்கரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது கிரிக்கெட் வீரர் பல்வங்கர் பாலுவை. அவர் சாம்பார் சாதி. அம்பேத்கர் 13,245, பாலு 11,225. 1952இல் வடக்கு பம்பாயில் அம்பேத்கரைத் தோற்கடித்த கஜ்ரோல்கரும் சாம்பார்தான். வித்தியாசம் பதினான்காயிரத்துச் சொச்சம். மகர்களின் கட்சி என்ற பேரை எதிராளி கிளப்பினான், உண்மைதான். பேர் ஒட்டியது ஏன் என்று நாம் கேட்டோமா?

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 2009இல் அருந்ததியருக்கு 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செய்வது செல்லும் என்றது. அன்று மாலையே நம் பக்கங்களில் "தலித் ஒற்றுமையை உடைக்கும் சதி" என்று எழுதினவர்கள் யார்? வெளியாட்கள் அல்ல. மலக்குழியில் இறங்குகிறவனின் பிள்ளைக்கு மூன்று சதவீதம் கிடைத்தால் ஒற்றுமை உடையுமென்றால், அந்த ஒற்றுமையில் அவன் எந்த இடத்தில் இருந்தான்? நம் மேடையில் அருந்ததியர் தோழர் நன்றியுரை சொல்லத்தான் வருகிறார். மாவட்டப் பொறுப்பாளர் பட்டியலைப் போடும்போது நினைவுக்கு வருவதில்லை. ஐந்தில் ஒரு பங்கை நாமே பொட்டலம் கட்டி எதிராளி கையில் கொடுத்துவிட்டு, பிறகு செப்டம்பரில் காந்தியைத் திட்டுகிறோம்.

முதல்கட்டத் தேர்தல் இன்று சட்டத்தில் இல்லை. ஆனால் பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் ஊர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த ஒரு தலித்தை நிறுத்தி, ஜெயிக்க வைத்து, உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள் அல்லவா? அந்த ஆளையும் சேரிக்குள்ளிருந்துதான் பொறுக்கினார்கள். இன்றும் ஒவ்வொரு தனி ஊராட்சியிலும் வேட்புமனுவுக்கு ஒரு வாரம் முன்பே ஊர்த் தலைவர்கள் அந்த வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே சேரியில் எல்லாத் தெருவையும், பறையர் தெரு, பள்ளர் தெரு, சக்கிலியர் தெரு மூன்றையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து நம் வேட்பாளரை நாமே முடிவு செய்ய யாரும் தடுக்கவில்லை.

இந்த ஆண்டு செப்டம்பர் 24 கூட்டத்துக்கு அறிக்கை வாசிக்கப் போவதில்லை. நாற்பது சீட்டு கொண்டுவருகிறோம். வருகிறவர்கள் தங்கள் ஊராட்சியில் எந்தெந்தத் தெருவில் எத்தனை ஓட்டு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். சக்கிலியர் தெருவுக்குப் போய்க் கேட்காமல் அந்தக் கணக்கை எழுத முடியாது.