காய்ச்சல் வலிப்பு: அறிந்திருப்பதே காப்பு

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்குக் காய்ச்சலின்போது ஏற்படும் வலிப்பு, பெற்றோரை நிலைகுலையச் செய்தாலும், பெரும்பாலும் 15 நிமிடங்களுக்குள் தானாக அடங்கிவிடுகிறது. பொதுவாக மூளைக்கு நிலையான பாதிப்பையும் விட்டுச்செல்வதில்லை.

இவ்வலிப்போடு தொடர்புபடுத்திப் பேசப்படும் ஒன்று ஆக்சிஜனேற்ற அழுத்தம்: செல்களைச் சிதைக்கவல்ல, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலில் பெருகி, அவற்றைத் தணிக்கும் எதிர் ஆக்சிகரணிகளின் ஆற்றலை விஞ்சும் நிலை அது. வலிப்பு கண்ட குழந்தைகளின் இரத்தத்தில் இதன் தடயங்களைச் சில ஆய்வுகள் கண்டிருப்பினும், அது காரணமா, விளைவா என்பது இன்னும் தீர்மானமாகாத நிலையில், எதிர் ஆக்சிகரணி என்ற பெயரில் விற்கப்படும் மருந்துகளைப் பெற்றோர் தாமாக வாங்கிக் கொடுப்பது முறையன்று.

வலிப்பின்போது கையில் இரும்பைத் திணிப்பதும், வாயில் கரண்டியோ தண்ணீரோ புகுத்துவதும் கைவிடப்பட வேண்டும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நேரத்தைக் கவனித்து, 5 நிமிடங்களைக் கடந்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழைப்பதும், முதல் வலிப்பு எனில் அது அடங்கிய பிறகும் மருத்துவரிடம் காட்டி, மூளைக்காய்ச்சல் இல்லையென உறுதிசெய்வதும் அவசியம். இந்த எளிய முதலுதவியைத் தடுப்பூசி நாள்களிலேயே பெற்றோருக்குக் கற்பிக்கும் பொறுப்பை அங்கன்வாடிகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் ஏற்க வேண்டும்.