மலையில் ஓடப் போகிறானாம்!



பள்ளி விடுமுறையில் ஒரு மாலை நேரம். மழை விட்டு, செமோருக்குக் கிழக்கே மலைத்தொடர் தெளிவாகத் தெரிந்து கொண்டிருந்தது. ஒரு தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முன்பு தோட்டத்தில் பால் மரம் சீவியவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பட்டணத்தில் துப்புரவு வேலைக்குப் போகிறார். அவர் மகன் என்னிடம் படித்தவன். இப்போது தொழிற்சாலையில் வேலை செய்கிறான்.

"சார், நீங்க சொன்னாத்தான் கேப்பான். மலையில ஓடப் போறானாம். அம்பது கிலோமீட்டராம். அதுக்குக் காசு வேற கட்டணுமாம். விடியக் காலையில பெரட்டுக்குப் போயி, பால் வாளியத் தூக்கிக்கிட்டு மேட்டுல ஏறி எறங்கி நாங்க பட்டது போதாதா? எங்களுக்காவது கூலி குடுத்தாங்க. இவன் காசு குடுத்து ஓடுறேங்கறானே!"

சிரித்து விடாதீர்கள். அந்தத் தாயார் கேட்டது நியாயமான கேள்வி. 50 கிலோமீட்டர் என்றால் 31 கட்டை. ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைச் சடக்கிலே ஓடினால் கூடப் பரவாயில்லை. வேரும் பாறையும் சேறும் நிறைந்த காட்டுப் பாதையில், ஏறி இறங்கி ஓடுவதென்றால்? பெற்ற வயிறு கலங்கத்தானே செய்யும்!

"உட்காருங்கள் அக்கா, பேசுவோம்" என்றேன். அவரிடம் பேசியதைத்தான் இந்த வாரம் உங்களிடமும் பேசப் போகிறேன்.

முதலில் ஒன்று. காட்டில் ஓடுவது நம் நாட்டுக்குப் புதிய பைத்தியம் அல்ல. 1938ஆம் ஆண்டிலேயே கோலாலம்பூரில் கிஸ்பர்ட் என்ற வெள்ளைக்காரக் கணக்காளரும் அவருடைய நண்பர்களும் 'ஹாஷ்' என்ற ஓட்டக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் முன்னே போய்க் காகிதத் துண்டுகளைத் தூவி வைப்பார். மற்றவர்கள் அதைத் தேடிக்கொண்டே ரப்பர்க் காட்டிலும் புதரிலும் ஓடுவார்கள். நம் பாட்டன் பாட்டிமார் விடியலில் மரம் சீவிவிட்டு வந்த அதே நிரைகளில், சாயங்காலம் துரைமார் விளையாட்டாக ஓடினார்கள்! இன்று அந்தக் கழகம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது.

பிறகு, 1987ஆம் ஆண்டு சபாவில் கினபாலு மலையேற்ற ஓட்டப் போட்டி தொடங்கியது. 4,095 மீட்டர் உயரமுள்ள மலை அது. சாதாரணமாக ஏறுகிறவர்கள் இடையில் ஓர் இரவு தங்கி, இரண்டு நாளில் ஏறி இறங்குவார்கள். போட்டியில் முதலில் வந்தவர்கள் சில மணி நேரத்தில் உச்சியைத் தொட்டுவிட்டுக் கீழே வந்து விட்டார்கள். இப்போது நம் பேராக்கிலேயே கோப்பேங் பக்கமும், அண்டையில் கேமரன் மலையிலும் இத்தகைய ஓட்டங்கள் நடந்திருக்கின்றன.

ஐரோப்பாவில் கோடைகாலம் வந்தால் போதும், வாரக்கணக்கில் மலையே கதியென்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே மோன் பிளாங்க் என்ற பனி மலையைச் சுற்றி, பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியாக ஓடும் போட்டி 2003இல் ஆரம்பமானது. இப்போது அதன் தூரம் சுமார் 170 கிலோமீட்டர். முதல் ஆண்டில் 700க்கும் மேற்பட்டவர்கள் புறப்பட்டார்கள். மழையும் குளிரும் வாட்டியதில் ஓடி முடித்தவர்கள் 67 பேர் மட்டுமே. முதலில் வந்தவர் யார் தெரியுமா? தாவா ஷெர்ப்பா என்ற நேப்பாளத்துக்காரர்.

அதே நேப்பாளத்தில் மீரா ராய் என்றொரு பெண். போஜ்பூர் மாவட்டத்து மலைக் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறு வயதில் அரிசி மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கியவர். 2014இல் காட்மாண்டு பக்கத்தில் நடந்த 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில், அப்படியொரு போட்டியைப் பற்றிச் சரியாக அறியாமலேயே கலந்துகொண்டு வென்றார். மறு ஆண்டு மோன் பிளாங்க் மலைப் பகுதியில் நடந்த 80 கிலோமீட்டர் ஓட்டத்திலும் முதலாவதாக வந்தார். மூட்டை சுமந்த கால்கள்தாம் அவரை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தன.

நம் பேராக்கும் சளைத்ததல்ல. தாப்பாவில் பிறந்த எம். இராஜாமணி 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். அது மலை ஓட்டம் அல்ல, திடல் ஓட்டம். இருந்தாலும், பெண் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்த அம்மையார்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு அந்தத் தாயார் கேட்டார்: "அப்ப ஓடட்டும்னு சொல்றீங்களா சார்?"

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது. என் தவற்றை உங்களிடம் மறைப்பானேன்?

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிது. குறுக்கோட்டப் பயிற்சிக்குப் பிள்ளைகளைத் தோட்டத்து மேட்டுப் பாதையில் ஓட விட்டேன். வெயில் ஏறிவிட்டது. பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி மேட்டில் நடக்கத் தொடங்கினாள். "நடக்காதே, ஓடு! நிற்காதே, ஓடு!" என்று அதட்டினேன். ஓடினாள். மேட்டு உச்சியில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பக்கத்து நிரையில் புல் வெட்டிக் கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடி வந்தார். பிள்ளையை நிழலுக்குத் தூக்கிப் போனார். பனியனைத் தளர்த்தி, தலைத்துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, விசிறினார். நல்ல நினைவு திரும்பிய பிறகே கொஞ்சம் கொஞ்சமாக உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்தார். பிள்ளை பிழைத்தாள். பாட்டி என்னைத் திட்டவில்லை. "மேட்டுல யாருய்யா ஓடுவா? ஏறும்போது நடக்கணும். எறங்கும்போதுதான் காலு பத்திரம். நாப்பது வருசமா ஏறி எறங்குறோம், எங்களக் கேக்கக் கூடாதா?" என்றார்.

பயிற்சிக் கல்லூரியில் கேட்காத பாடத்தை அன்று கேட்டேன். பல ஆண்டுகள் கழித்து மலை ஓட்டத்தைப் பற்றிப் படித்தபோது வியந்து போனேன். பெரிய பெரிய வீரர்களும் செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்! இறக்கத்தில்தான் தொடைச் சதை உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. அதனால்தான் மறுநாள் படி இறங்க முடியாமல் வலிக்கிறது. பாட்டி சொன்னதும் இதுதானே!

இன்னொரு செய்தியையும் கேளுங்கள். 2021 மே 22ஆம் நாள், சீனாவின் கான்சு மாநில மலைப் பகுதியில் 100 கிலோமீட்டர் ஓட்டம். ஓடியவர்கள் 172 பேர். திடீரென்று ஆலங்கட்டி மழை, உறைய வைக்கும் குளிர், பலத்த காற்று. பலர் அரைக்கால் சட்டையும் மெல்லிய மேலாடையும்தான் அணிந்திருந்தார்கள். குளிரில் விறைத்து 21 பேர் இறந்து போனார்கள். அவர்களில் நாட்டின் முன்னணி வீரர்களும் இருந்தார்கள். அன்று ஆறு பேரை மட்டும் ஒருவர் காப்பாற்றினார். அவர் டாக்டரா? போட்டி அதிகாரியா? இல்லை. ஆடு மேய்க்கிறவர்! மழைக்குக் குகையில் ஒதுங்கியிருந்தவர், விறைத்துக் கிடந்தவர்களை உள்ளே கொண்டு வந்து தீ மூட்டிக் காப்பாற்றினார். மலையை அறிந்தவர் மலையில் உழைத்தவர்தாம்.

ஆகையால் மலையில் ஓட விரும்பும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பிலே 50 கிலோமீட்டர் வேண்டாம். 10, 12 கிலோமீட்டரில் தொடங்குங்கள். மாதக்கணக்கில் பழகிக் கூட்டுங்கள்.

பசிக்கும் வரை காத்திராதீர்கள். உடம்பில் சேர்ந்திருக்கும் சர்க்கரைச் சத்து, விடாமல் வேகமாக ஓடினால் இரண்டு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. அரை மணிக்கு ஒரு முறை ஒரு வாழைப்பழமோ கொஞ்சம் சோறோ உள்ளே போகட்டும். வெறும் தண்ணீரையே மேலும் மேலும் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்பு குறைந்தால் மயக்கம் வரும், உயிருக்கே கேடு.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 பாகை வெப்பம் குறையும். உலு கிந்தா பக்கமிருந்து ஏறுகிற கோர்பு மலை 2,183 மீட்டர். செமோரில் வேர்த்துக் கொட்டும்போது, அங்கே நனைந்த சட்டையோடு காற்றில் நின்றால் பல் கிட்டும். மழைச் சட்டை கட்டாயம். ஆறு கலங்கி, இலை தழை அடித்து வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது என்று பொருள். தண்ணீர் இறங்காதீர்கள், கரையேறி விடுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். வன இலாகா அனுமதி வேண்டிய மலைக்கு, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஏறாதீர்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பி வரக் கற்றுக்கொள்ளுங்கள். 2003இல் பாதியில் நின்றவர்களில் யாரையும் உலகம் கோழை என்று சொல்லவில்லை. மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த ஆண்டு ஏறிக் கொள்ளலாம்.

அந்தத் தாயாரின் மகனையும் அழைத்துப் பேசினேன். 50 கிலோமீட்டரை விட்டு 12 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சம்மதித்தான். "உன் அம்மா எத்தனை வருடம் மேட்டில் ஏறி இறங்கினார் தெரியுமா? எப்படி ஏறினார் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறாயா?" என்றேன். தலையைச் சொறிந்தான். அந்த வாரமே அவனும் அம்மாவும் செம்பனைக் காட்டு மேட்டில் காலையில் நடக்கத் தொடங்கினார்கள். பாதம் எங்கே வைப்பது, ஈர மண்ணில் எப்படிக் குறுக்கே இறங்குவது, மூச்சு வாங்கினால் எங்கே நிற்பது என்று தாயார் சொல்லிக் கொடுத்தார்.

போட்டி அன்று அவன் பின்வரிசையில்தான் வந்து முடித்தான். முழங்காலெல்லாம் சேறு. அம்மா தேநீர்ப் புட்டியோடு காத்திருந்தார். எத்தனையாவது வந்தாய் என்று கேட்கவில்லை. "மேட்டுல நடந்தியா?" என்றுதான் கேட்டார். "நடந்தேன்மா" என்றான்.

வாசகர்களே, நாம் பட்ட பாடு பிள்ளைகள் படக்கூடாது என்று நினைக்கிறோம். நல்லதுதான். ஆனால் அந்தப் பாட்டில் கற்ற அறிவையும் அதோடு சேர்த்து மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டு விடுகிறோமே! பிள்ளை மலையைப் பார்த்து ஆசைப்பட்டால் உடனே தடுத்து விடாதீர்கள். அருகில் உட்கார வைத்து, நீங்கள் ஏறிய கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.