மிளகில் பப்பாளி விதை, கேபிளில் அலுமினியம்!



மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால், கையில் அள்ளிய மாத்திரத்தில் கண்டுபிடித்து விடுகிறோம். ஆனால் கடையில் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுக்கும்போது மட்டும், "விலை குறைவானதாகப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விடுகிறோம்.

அடியேன் செய்த தவறும் இதுதான். சம்பள வாரத்தில் கூட்டம் நெரிய, பில் போடும் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றது. கம்ப்யூட்டரைக் குறை சொன்னோம். கடைசியில் கேபிளின் முனையில் ஒயர் ஒடிந்திருந்தது. பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை நிறம். செம்பு பூசிய அலுமினியம்!

2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. ஆண்டு விற்பனை ரூ.5 கோடியைத் தாண்டியோர், பிற வணிகர்களுக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் 1 முதல் மின் ரசீதும் போட வேண்டும். ரங்கே கவுடர் வீதி மொத்தக் கடையானாலும், பொள்ளாச்சி மளிகைக் கடையானாலும், லைன் நின்றால் வியாபாரம் நிற்கும்.

ஆகவே சில விஷயங்களை நாமே தெரிந்து கொள்வது நல்லது. கேபிளுக்குள் எட்டு ஒயர்கள், நான்கு முறுக்கு ஜோடிகளாக இருக்கும். கேட்-5இ நம் கடைகளுக்குப் போதும். புதிதாகப் போடுவோர் கேட்-6 போடலாம். எதுவானாலும் ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கிடங்கு அதற்கும் தொலைவில் இருந்தால் ஃபைபர் கேபிள்தான் சரி. அது இடி மின்னல் பாதிப்பையும் கடத்தாது.

வாங்கும்போது முழுச் செம்பா என்று சுரண்டிப் பாருங்கள். அலுமினியம் எளிதில் ஒடியும். கேமராவுக்கு அதே கேபிளில் மின்சாரமும் கொடுத்தால் கூடுதலாகச் சூடேறும். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்க விடாதீர்கள். எலி கடிக்காமலிருக்கத் தனிக் குழாய் போடுங்கள். இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றுபோல் இருக்கிறதா, டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

நமது சங்கமும் மாதக் கூட்டத்தில் நல்ல கேபிளையும் போலியையும் அருகருகே வைத்துக் காட்ட வேண்டும். தேவைப்படுவோருக்கு மொத்தமாக வாங்கித் தரவும் ஆவன செய்ய வேண்டும். சரக்கின் தரம் பார்ப்பது நமக்குப் புதிதல்லவே!